கருமணலில் இரண்டு கூடாரங்கள்

“அம்மா, என் கூடாரம் ஒழுகுதா?”

“ஒழுகலை.”

“என் சுக்குக் காப்பி நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ ஏன் மழை வந்தா தினமும் அவ கூடாரத்துக்கே போறீங்க?”

பவளக்கொடி தன் கூடாரத்தைச் சுற்றி வெட்டியிருந்த வாய்க்காலையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே கிடந்த ஒரு சவுக்கு இலையை எடுத்து, காய்ந்து கிடந்த அந்த வாய்க்காலில் போட்டார்.

“மழை வந்தா இது எங்கே போகும்?”

“கடலுக்குத்தான்.”

“பார்த்தியா?”

“இதைப் பார்க்க வேற வேணுமா? எந்தத் தண்ணியா இருந்தாலும் கடைசியில கடலுக்குத்தானே அம்மா போகுது?”

நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று பவளக்கொடிக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு.

“சரி” என்றார் அம்மா. எழுந்து போய்விட்டார்.

போனது ரஞ்சிதத்தின் கூடாரத்துப் பக்கம்தான்.

*

அந்தத் தீவின் நடுவில் ஒரு தீமலை இருக்கிறது. எப்போதோ அது கக்கிய நெருப்பு கடல்வரை வழிந்து வந்து, ஆறிக் கறுத்துப் பாறையாகிக் கிடக்கிறது. கரையில் மணலும் கறுப்பு. சில இடங்களில் பாறைக்கு இன்னும் சூடு அடங்கவில்லை. மழை விழுந்தால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி புகையும்.

அம்மா இருந்தது அந்தக் கரையில். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பவளக்கொடிக்கு ஐம்பத்தொன்று. தன்னைவிடச் சின்னவரைக் குருவாக ஏற்று அம்மா என்று கூப்பிட ஆரம்பத்தில் அவளுக்கு நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நிற்காமல், அம்மா என்ற சொல்லை வேறு யார் சொன்னாலும் எரிச்சல் வரும் அளவுக்கு ஆகிவிட்டது.

அம்மாவுக்கு வீடு கிடையாது, கூடாரமும் கிடையாது. வெதுவெதுப்பான பாறைமேல் படுத்துக்கொள்வார். மழைக்காலத்தில் சீடர்கள் வந்து ஏழு நாள் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். சாயங்காலம் மழை பிடித்தால் அம்மா யாராவது ஒருவர் கூடாரத்தில் ஒதுங்குவார். யார் கூடாரத்தில் ஒதுங்குகிறாரோ அன்றைய பாடம் அவருக்கு. மற்றவர்கள் அவரவர் கூடாரத்தில் உட்கார்ந்து மழையைக் கேட்க வேண்டியதுதான்.

அப்படி ஒரே ஒரு சாயங்காலத்துக்காகப் பவளக்கொடி மூன்று வருஷம் காத்திருந்தாள். முதல் வருஷம் மகளுக்குப் பிரசவம். அடுத்த வருஷம் அவளுக்கே முழங்கால் வலி. மூன்றாம் வருஷம் புயல் அடித்ததில் படகே விடவில்லை. இந்த வருஷம் துறைமுகத்தில் இருந்த தன் பலகாரக் கடையைப் பூட்டிவிட்டு, பாதிப் பலசரக்கை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மழைக்குப் பயந்து மற்றவர்கள் வராமல் நின்றுவிட்டார்கள். வந்தது இரண்டே பேர். பவளக்கொடியும், தையல் வேலை செய்யும் ரஞ்சிதமும்.

ரஞ்சிதத்துக்கு முப்பத்தெட்டு வயது. அம்மாவைத் தேடி வர ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

*

கூடாரம் போடுவதில் பவளக்கொடியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்தக் கரையில் கூடாரம் போட மணல் இருந்தது இரண்டே இடத்தில்தான். மேட்டில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் கீழே ஒன்று. மற்றதெல்லாம் காலைக் கிழிக்கும் பாறை. படகு கரை தட்டியதுமே பவளக்கொடி முழங்கால் வலியை மறந்து ஓடி மேட்டைப் பிடித்தாள்.

அங்கே மணல் அரை முழம்தான். அடியில் ஒரே பாறை. முளைக்குச்சி இறங்காது. அது தெரிந்து கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டினாள். மழை பெய்தால் தண்ணீர் ஊறாமல் பாறைமேல் ஓடி வரும். அதுவும் அவளுக்குத் தெரியும். கையோடு கொண்டுவந்த மண்வெட்டியால் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினாள். மலைப்பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் அத்தனையும் அதில் விழும்படி வெட்டினாள்.

கடல் பக்கம் ஒரு பாறைத் திட்டு குறுக்கே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமானால் இன்னும் ஒரு மணி நேரம் வெட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் வெறும் மணல். வாய்க்காலை அந்தப் பக்கமே திருப்பிவிட்டாள், நாலு வெட்டில் வேலை முடிந்தது.

பிறகுதான் ரஞ்சிதம் மெதுவாக வந்தாள். ஒரு நீலத் தார்ப்பாயை இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் கயிற்றில் போட்டு, “எப்படிக்கா இருக்கு என் மாளிகை?” என்று கேட்டுச் சிரித்தாள்.

“ம், நல்லாருக்கு” என்றாள் பவளக்கொடி.

*

முதல் நாள் சாயங்காலம் மலையின் தலை மறைந்தது. கடல்மேல் சாம்பல் நிறத்தில் மழை நடந்து வந்தது.

பவளக்கொடி அடுப்பு மூட்டினாள். சுக்கு, மல்லி, நாலு மிளகு, கருப்பட்டி. கடையில் பெரிய மனிதர்கள் வந்தால் எடுக்கும் பித்தளைச் செம்பில் வடிகட்டி வைத்தாள். பாயை உதறி விரித்தாள்.

வெளியே அம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவரும் காலடி கேட்டது.

காலடி அவள் கூடாரத்தைத் தாண்டிப் போனது.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ரஞ்சிதத்தின் சிரிப்பு வந்தது. அம்மாவின் சிரிப்பும் வந்தது. அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பவளக்கொடி கேட்டதே இல்லை.

காப்பி ஆறியது. அதை அவளுக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை. செம்பைத் தூக்கி வாசலில் வாய்க்காலில் கொட்டினாள்.

முதல் நாள்தானே, புதுசாக வந்தவள், பயப்படுவாள் என்று போயிருப்பார். நாளைக்கு வருவார். இப்படித் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் நாளும் காலடி தாண்டிப் போனது. காப்பி வாய்க்காலுக்குப் போனது.

மூன்றாம் நாள் கருப்பட்டியைக் கூடுதலாகப் போட்டாள். வாசனை அம்மாவை இழுக்கட்டும் என்று வாசல் படுதாவைத் திறந்தே வைத்தாள். மழைச்சாரல் உள்ளே வந்து பாய் நனைந்ததுதான் மிச்சம்.

நாலாம் நாள் காலையில் ரஞ்சிதம் மேட்டுக்கு வந்தாள்.

“அக்கா, உங்க மண்வெட்டியைக் கொஞ்சம் தர்றீங்களா? மண்ணு வெட்டணும்.”

அவள் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. ஆனாலும் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பவளக்கொடி மண்வெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கைப்பிடி ஆடுதுடி. கையோட கழண்டு வந்து காலில விழும். உனக்கு எதுக்கு வம்பு?”

“அப்படியா? சரிக்கா.”

ரஞ்சிதம் திரும்பிப் போய் ஒரு கொட்டாங்கச்சியால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். பவளக்கொடி மண்வெட்டியை எடுத்துப் பாய்க்கு அடியில் வைத்தாள்.

ஐந்தாம் நாள் ஊற்றில் தண்ணீர் பிடிக்கப் போனபோது இருவரும் எதிர்ப்பட்டார்கள். ரஞ்சிதத்தின் விரல்கள் நாளெல்லாம் துணி துவைத்தவள் விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அதைப் பவளக்கொடி பார்த்தாள். பார்த்ததோடு சரி. மனம் வேறு கேள்வியில் இருந்தது.

“தினமும் உள்ளே என்னடி நடக்குது?”

“கைவேலைதான்க்கா.”

“என்ன கைவேலை?”

“நீங்களும்தான் வாங்களேன். ஒரு கை குறையுது.” சொல்லிவிட்டு ரஞ்சிதம் சிரித்தாள்.

“நீ கூப்பிட்டா நான் வரணுமா? கூப்பிட வேண்டியவங்க கூப்பிடட்டும்.”

“அதுவும் சரிதான்” என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரஞ்சிதம் போய்விட்டாள்.

கைவேலையாம். என்ன ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிறாரோ என்று பவளக்கொடி மனம் அலைந்தது. அன்று சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே, சளக், சளக் என்று ஏதோ கேட்டது. இடையிடையே “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று அம்மாவின் குரல். பிறகு சிரிப்பு.

பவளக்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அம்மா ஏதோ தீர்த்தம் தெளித்து, பூஜை முறை சொல்லிக்கொடுக்கிறார். வந்து ஒரு வருஷம் ஆகாதவளுக்கு.

சிரிக்கத் தெரிந்தால் போதும் போல.

மறுநாள் காலையில் அம்மாவை மேட்டுக்குக் கூட்டிவந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பதிலுக்கு ஒரு சவுக்கு இலை கிடைத்தது.

*

ஆறாம் நாள் மத்தியானமே மூட்டை கட்டிவிட்டாள். மறுநாள் காலை படகு வரும். அதில் ஏறினால் இந்தக் கரையை இனித் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா என்று கூப்பிட்ட வாயால் வேறு யாரையும் கூப்பிடப் போவதும் இல்லை.

ஆனாலும் நாலு மணிக்கு மேகம் இறங்கியதும் கை தானாக அடுப்பை மூட்டியது. இன்று கருப்பட்டியை ஒரு கை அள்ளியே போட்டாள். கடைசி நாள். இன்றைக்காவது.

மழை வந்தது. அன்று வந்தது போல் அந்த ஆறு நாளில் வரவில்லை. பாறைகள் புகைந்தன. மலையிலிருந்து தண்ணீர் இரைந்துகொண்டு வந்து அவள் வாய்க்காலில் விழுந்து சுற்றிப் போனது. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு இல்லை.

காலடி வந்தது.

வாசலருகே ஒரு கணம் நின்றது.

பவளக்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

காலடி தாண்டிப் போனது.

அவ்வளவுதான். செம்பை எடுத்தாள், வாசலுக்கு வந்தாள், கொதிக்கக் கொதிக்க அத்தனையையும் வாய்க்காலில் கொட்டினாள். காலி செம்பைக் கையில் பிடித்தபடியே மழையில் இறங்கி நடந்தாள். நேருக்கு நேர் கேட்டுவிடுவது. அதன்பின் படகு.

வாய்க்காலும் அவள்கூடவே நடந்து வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

நீலத் தார்ப்பாயை ஒரே இழுப்பாக விலக்கினாள்.

உள்ளே கணுக்கால்வரை தண்ணீர்.

அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, அலுமினியச் சட்டியால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே வீசிக்கொண்டிருந்தார். சளக். ரஞ்சிதம் கொட்டாங்கச்சியால் அள்ளிக்கொண்டிருந்தாள். சளக். துணிமூட்டை, அரிசி, பாய் எல்லாம் கயிற்றில் உயரத்தில் தொங்கின.

“இந்தப் பக்கம் ஊத்துடி, காத்து திருப்பி அடிக்குது” என்றார் அம்மா. தலையைத் திருப்பிப் பவளக்கொடியைப் பார்த்தார். “வா. செம்போடதான் வந்திருக்கே.”

பவளக்கொடி கையிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

அப்போது தார்ப்பாயின் மேட்டுப்பக்க ஓரத்துக்கு அடியிலிருந்து, வந்துகொண்டிருந்த தண்ணீரில் பழுப்பாக ஒரு கோடு உள்ளே இறங்கியது. அதன்மேல் ஒரு சவுக்கு இலை மிதந்து வந்தது. கூடவே வாசனையும் வந்தது. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும்.

ரஞ்சிதம் மூக்கை உறிஞ்சினாள். “வந்துருச்சு அம்மா.”

அம்மா சட்டியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து அந்தத் தண்ணீரை அள்ளினார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

“இன்னைக்குக் கருப்பட்டி கொஞ்சம் தூக்கல்.”

மழை பவளக்கொடியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

“தினமும் வந்துதா?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“ஒரு நாளும் தவறலை” என்றார் அம்மா. “சூடாத்தான் வந்து சேரலை.”

அவள் ரஞ்சிதத்தைப் பார்த்தாள். வெளுத்துச் சுருங்கிய அந்த விரல்களைப் பார்த்தாள்.

“ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“மண்வெட்டி கேட்டேனேக்கா.”

பவளக்கொடி செம்பைக் கீழே போட்டாள். திரும்பி மேட்டை நோக்கி ஓடினாள். கட்டி வைத்திருந்த மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, பாயைப் புரட்டி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கடல் பக்கத்துப் பாறைத் திட்டைச் சுற்றி முதல் வெட்டை ஓங்கிப் போட்டாள். இரண்டாவது வெட்டில் தீப்பொறி பறந்தது.

ரஞ்சிதம் கீழேயிருந்து நனைந்துகொண்டே ஏறி வந்தாள்.

“பார்த்துக்கா! கைப்பிடி ஆடுதுன்னீங்களே. காலில விழப்போகுது.”

பவளக்கொடி நிமிரவில்லை. மழைநீர் மூக்கு நுனியில் சொட்டியது.

“ஆடலைடி” என்றாள். “ஒரு நாளும் ஆடலை.”