கடைசிப் புதர்

"முப்பது வருசம் மரம் வெட்டியே பொழச்சேனுங்க. இப்ப ஊட்டுல ஆருமில்ல. இந்த வெறுமைக்கு என்ன பண்றதுங்க, குருவம்மா?"

கேட்டவர் குப்பணன். உயரழுத்த மின்கம்பி போகும் டவர் லைனுக்கு அடியில் தலைதூக்கும் மரங்களை வெட்டுவது அவர் வேலையாக இருந்தது.

குரு வேலாத்தாளுக்கு அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். கரடு எனப்படும் இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவில் குடிசை போட்டுத் தனியாக இருந்தாள்.

"இன்னும் வெட்டுங்கய்யா," என்றாள். "வெட்டினதை நடுங்க."

கிளுவை மரத்தைக் காட்டினாள். அதன் கிளையைப் போத்தாக வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும். ஆளுயரத்துக்கு மேல் விடாமல் கழித்துவந்தால் கம்பிக்கும் தொல்லையில்லை.

மேற்குக் கரட்டிலிருந்து கிழக்கே, கம்பிக்கு நேர் கீழே, குப்பணன் போத்து போத்தாக நட்டார். வழியிலிருந்த தோட்டங்களின் சொந்தக்காரர்கள் தடுக்கவில்லை. கம்பிக்கு அடியில் தென்னையா வைக்க முடியும்?

மூன்று மழைக்காலம் போனது. வேலி அடர்ந்தது. விடிந்ததும் அதன் ஓரமாகவே கடைசிப் புதர்வரை போய்வருவார். பேச ஆளில்லாதவருக்கு வேறு என்ன வேலை?

ஒரு நாள் கலங்கிப்போய் வந்தார்.

"கவுதாரி ஒண்ணு குஞ்சுகளோட வேலிக்குள்ளயே வருதுங்க. கடைசிப் புதர்ல நின்னு எட்டிப் பாக்குது. அப்பறம் திரும்பிப் போயிருது. தெனமும் இப்படித்தான். என்னால பாக்க முடியலைங்க."

"வெட்டவெளியில எறங்க அதுக்குப் பயம். அந்தப் பக்கம் ஆரு தோட்டம்?"

குப்பணன் தரையைப் பார்த்தார்.

"தம்பி தோட்டமுங்க. அதைத் தாண்டினா கெழக்குக் கரடு."

"அங்க ஏன் நடல?"

"தோட்டத்துக்குப் போற தடத்துல தகராறு. பதினோரு வருசமாப் பேச்சில்லைங்க. அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

வேலாத்தாள் அரிவாளை எடுத்தாள். பத்துப் போத்து வெட்டிக் கட்டினாள். அவர் தோளில் வைத்தாள். உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

குப்பணனுக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது. ஆனாலும் நடந்தார்.

கடைசிப் புதரருகே கால் நின்றுவிட்டது. தம்பி செல்லப்பன் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

"அண்ணா."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெனமும் அங்க வந்து நின்னு எட்டிப் பாக்கறீங்க. அப்பறம் திரும்பிப் போயிடறீங்க. என்னால பாக்க முடியலைங்கண்ணா. இன்னைக்காச்சும் உள்ள வாங்க."