நேலின் கட்டைவிரல்

ஹார்லெம் நகரில் கொள்ளைநோய் பரவிய வருடம் அது. துணி வியாபாரி ஒருவரின் மனைவி, ஓவியர் மாத்தைஸின் முன்னால் இரண்டே நாள் உட்கார்ந்தாள். முகம் முடிந்தது. மூன்றாம் நாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

படத்தை முடித்துத் தரும்படி வியாபாரி அவளுடைய கறுப்புப் பட்டு உடையை அனுப்பினார். நோய் போகப் புகை போட்டாயிற்று, பயமில்லை என்று சொல்லியனுப்பினார். அதை மரப்பொம்மைக்கு உடுத்தினார்கள்.

சீடன் யோரிஸுக்குத் திருப்தியில்லை. உடை வரைவதில் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கர்வமும் கொஞ்சம் உண்டு. மடிப்பில் உயிரில்லை, யாராவது உடுத்தி உட்கார வேண்டும் என்றான்.

வியாபாரி வீட்டு வேலைக்காரி நேல் வந்தாள். எஜமானியின் உடையில் ஆறு நாள் அசையாமல் உட்கார்ந்தாள். பட்டு இவ்வளவு கனமா என்று ஒருமுறை கேட்டாள். ஏழாம் நாள் வரவில்லை. அடுத்த வாரம் அவளைப் பொதுக்குழியில் புதைத்தார்கள்.

செய்தி கேட்டதும் யோரிஸ் மாத்தைஸிடம் வந்தான்.

"ஐயா, அவளை வரச்சொன்னது நான். இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

மாத்தைஸ் சாயம் அரைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து நேலின் தாய் வந்தாள். துணி வெளுக்கும் களத்தில் வேலை செய்பவள். மகளை இங்கே வரைந்தார்களாமே, ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். யோரிஸ் தலையைக் குனிந்துகொண்டு, முகம் அவளுடையது இல்லை அம்மா, கைகள் மட்டும்தான் என்றான்.

மாத்தைஸ் எழுந்துபோய், படத்தில் இருந்த முகத்தின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டார்.

தாய் கிட்டே வந்தாள். சரிகை வைத்த கைப்பட்டியிலிருந்து நீண்ட கைகளை வெகுநேரம் பார்த்தாள். இடது கட்டைவிரலில் எதையோ தேடினாள்.

"இங்கே ஒரு சூட்டு வடு இருக்கணும், ஐயா. எஜமானியம்மாவின் கழுத்துப்பட்டைக்குக் கஞ்சி போட்டு மடிப்பு வைக்கிறப்போ காய்ச்சின கம்பி பட்டுடுச்சு. அது இல்லையே. அப்போ இது யாரோட கை?"

யோரிஸ் அந்த வடுவை ஆறு நாளும் பார்த்திருந்தான். சீமாட்டியின் கைக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டான்.

மாத்தைஸ் பழுப்பில் கொஞ்சம் சிவப்பைக் குழைத்தார். தூரிகையை அவன் கையில் கொடுத்தார்.

"என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயே."

யோரிஸ் தூரிகையை வாங்கிக்கொண்டான். "ஐயா, 'இது என் மனைவியின் கை இல்லை' என்று வியாபாரி சொல்வாரே?"

"சொல்லட்டும்," என்றார் மாத்தைஸ். "மனைவியின் கை எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவிருந்தால்."