பேனாவும் வருகைத் தாளும்

"நான் வந்தேன் என்றுதான் எழுதினேன், சரி என்று எழுதவே இல்லை!"

பேனா இதையே நாலாவது முறையாகக் கத்தியது. ஒருநாள் காலை, ஆலோசனைக் குழு கூடும் அறையில், சூடான பக்கோடாத் தட்டுக்குப் பக்கத்தில் நடந்த சண்டை இது. எதிராளி வருகைத் தாள்.

வரலாற்றுப் பேராசிரியர் குமுதவல்லியின் பேனா அது. பதினோரு வருஷத்தில் எட்டுக் குழுக்களுக்கு அவரோடு போய் வந்திருக்கிறது. போன குழுவில், பழைய சத்திரத்தை இடிக்காதீர்கள் என்று அவர் தொண்டை வறளப் பேசினார். சத்திரம் தரைமட்டம். இடிக்கலாம் என்ற அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், வருகைக்கென்று அவர் போட்ட கையெழுத்தும் இருந்தது. மேசைமேல் கிடந்த பழைய கோப்பு வாயைத் திறந்ததால் இன்றுதான் பேனாவுக்கே விஷயம் தெரிந்தது. பேராசிரியருக்கு இன்னும் தெரியாது.

"கையெழுத்து என்றால் கையெழுத்துதான்," என்றது தாள். "டீ வருவதற்கு முன்பே என்னை ஏன் சுற்றுக்கு விடுகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டாயா? நாற்காலியும் சால்வையும் கிடைத்ததும் பல்லை இளித்தீர்கள், இரண்டு பேரும்."

பேனாவுக்குச் சுருக்கென்றது. "இன்றைக்கு எதை இடிக்கிறீர்கள்?"

"ஏரி மடையை. கல்வெட்டோடு சேர்த்து. திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது."

"கூட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லையே!"

"அதனால் என்ன?" என்றது தாள்.

குமுதவல்லியும் மற்ற உறுப்பினர்களும் வந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் சிரித்த முகத்தோடு தாளை நகர்த்தினார். "மேடம், வருகைக்கு ஒரு கையெழுத்து. வெறும் சம்பிரதாயம்தான்."

குமுதவல்லி பேனாவைத் திறந்தார். பேனா வாயை இறுக மூடிக்கொண்டது. உதறினார். அசையவில்லை.

"என் பேனாவில் போடுங்க மேடம், நேரமாகுது."

வேறு வழி தெரியாத பேனா, இருந்த மையையெல்லாம் தாளின் நெற்றியில் துப்பியது.

"ஐயோ!" என்று அவர் குனிந்து கைக்குட்டையால் ஒற்றினார். ஒற்றிய கை அப்படியே நின்றது. கறைக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சாகியிருந்தது: பக்கம் 46.

தாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தது. அவர் விடவில்லை, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இதற்கு முந்தைய நாற்பத்தைந்து பக்கங்களையும் முதலில் என்னிடம் கொடுங்கள்."

எதிரே ஏழு பேர் இருந்தார்கள். ஏழு கைகளும் பக்கோடாத் தட்டுக்குப் போயின.