முள்ளம்பன்றி ஆசானின் எட்டாவது ஆட்டம்

ஒரு காட்டில் ஓர் ஆட்டக் குழு இருந்தது. குழந்தைகளே, சாதாரணக் குழு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருடமாக ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்காத குழு அது.

ஆட்டம் இதுதான். முட்டை வடிவில் ஒரு சின்னப் பலாப்பிஞ்சு. அதைக் கவ்விக்கொண்டு எதிராளியின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். எதிராளி சும்மா விடுவானா? முட்டுவான், தள்ளுவான், மேலே விழுந்து அமுக்குவான். அந்தக் குழுவில் ஓடுவதற்கு முயல் இருந்தது. முயலுக்கு முன்னால் போய் வழி உண்டாக்கக் காட்டெருமை இருந்தது. ஓட்டத்துக்கும் குறைவில்லை, உடம்புக்கும் குறைவில்லை. ஆனாலும் தோல்விதான்.

காட்டு ராஜாவான சிங்கம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. கடைசியில் பழைய ஆசானான கரடியை அனுப்பிவிட்டு, கூரன் என்ற முள்ளம்பன்றியைப் புது ஆசானாக வைத்தது.

"இந்தப் பருவத்தில் எட்டு ஆட்டம், கூரா," என்றது சிங்கம். "எட்டில் ஒன்றாவது ஜெயித்துக் காட்டு. இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொள்."

கூரனுக்கு இது மூன்றாவது காடு. முதல் இரண்டு காடுகளிலும் இப்படித்தான் மூட்டை கட்ட நேர்ந்தது. இங்கே ஆற்றோரமாக ஒரு வளை தோண்டி, மனைவியையும் குட்டிகளையும் அப்போதுதான் குடிவைத்திருந்தது. இன்னொரு முறை இடம் மாற அதற்கு மனமே இல்லை.

அதனால் உயிரைக் கொடுத்து உழைத்தது. மணலில் கோடு கோடாகத் திட்டம் வரைந்தது. "காட்டெருமையே, நீ வலப்பக்கம் பாய். முயலே, நீ அதன் பின்னால் ஓடு," என்று கத்தியது. கத்தக் கத்த முதுகு முட்கள் எல்லாம் விறைத்து எழுந்து நின்றன.

குழு வட்டமாகக் கூடித் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொள்வது அந்த ஆட்டத்தின் வழக்கம். ஆனால் கூரன் நடுவில் வந்து நின்றால், வட்டம் தானாகவே பத்தடி பெரிதாகிவிடும்.

'அடடா, என்மேல் எவ்வளவு மரியாதை! எப்படித் தள்ளி நிற்கிறார்கள்!' என்று கூரன் பூரித்துப் போகும்.

முதல் ஆட்டத்தில் காட்டெருமை வலப்பக்கம் பாய்ந்து ஒரு வேப்பமரத்தில் முட்டிக்கொண்டது. இரண்டாவது ஆட்டத்தில் நடுவராக நின்ற ஆமையை உருட்டிவிட்டது. மூன்றாவதில் சொந்தக் குழுவின் முயலையே கீழே தள்ளியது. எதிராளிகளோ, எல்லாம் முன்பே தெரிந்ததுபோல் சரியான இடத்தில் காத்திருந்தார்கள். இப்படியே ஏழு ஆட்டமும் போயின.

ஏழாவது ஆட்டம் முடிந்த மாலையில் கூரன் ஒரு புதரடியில் தனியே உட்கார்ந்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. முட்கள் எல்லாம் முதுகோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன.

காட்டெருமை மெல்ல வந்தது. முட்களை ஒரு முறை பார்த்தது. பிறகு துணிந்து பக்கத்திலேயே உட்கார்ந்தது.

"ஆசானே, ஒன்று சொல்லட்டுமா? எனக்கு வலது கண் தெரியாது."

கூரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது? எப்போதிலிருந்து?"

"கன்றாக இருந்தபோதே கருவேல முள் குத்திப் போய்விட்டது."

"இதை முதல் நாளே சொல்வதற்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன். உங்கள் முதுகைப் பார்த்தேன். இருக்கிற ஒரு கண்ணாவது இருக்கட்டும் என்று திரும்பிவிட்டேன்."

பின்னாலேயே வந்திருந்த முயலுக்கும் இப்போது தைரியம் வந்தது. "நானும் ஒன்று சொல்ல வேண்டும், ஆசானே. நீங்கள் மணலில் கோடு போடும்போதெல்லாம் அந்த மரத்தில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. போட்டு முடித்ததும், அடுத்து நம்மோடு ஆடப் போகிறவர்களிடம் பறந்து போகிறது."

"நீயும் ஏன் சொல்லவில்லை?"

"ரகசியத்தைக் காதோடு காதாகத்தானே சொல்ல வேண்டும்? பத்தடி தள்ளி நின்று கத்தினால் காகத்துக்கும் கேட்டுவிடுமே."

கூரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டதெல்லாம் வெறும் பயம். ஏழு தோல்விக்கும் காரணம் தன் முதுகிலேயே இருந்திருக்கிறது.

"கிட்டே வாருங்கள்," என்றது. மூன்றும் தலையோடு தலை சேர்த்துப் பேசின. பேச்சு சூடு பிடித்தபோது ஒரு முள் மெல்ல எழுந்தது.

"ஆசானே, முதுகு," என்றது முயல்.

"மன்னித்துக்கொள்," என்று கூரன் முள்ளைப் படுக்க வைத்தது.

எட்டாவது ஆட்டம் கிழக்குக் காட்டு ஓநாய்களோடு. அன்று காலையில் கூரன் மணலில் என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பெரிதாகத் திட்டம் வரைந்தது. "கடைசிப் பாய்ச்சலுக்கு இதுதான் திட்டம். காட்டெருமையே, வலப்பக்கம்தான் போக வேண்டும், மறந்துவிடாதே," என்று காடே அதிரும்படி கத்தியது. மரத்திலிருந்த காகம் குஷியாகக் கிழக்கே பறந்தது.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. இரண்டு குழுவுமே எல்லையைத் தாண்டவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாய்ச்சல். ஓநாய்கள் எல்லாம் காகம் சொன்ன பக்கம் போய்க் குவிந்தன. மறுபக்கம் காவலுக்கு ஒரு குட்டி ஓநாய்கூட இல்லை.

காட்டெருமை கண் தெரிகிற இடப்பக்கமாகத் திரும்பியது. அவ்வளவுதான், புழுதி பறந்தது. அதன் வாலைத் தொட்டபடியே பலாப்பிஞ்சோடு ஓடிய முயல் கோட்டைத் தாண்டி விழுந்தது.

ஓநாய்த் தலைவன் காகத்தை முறைத்தான். "நான் பார்த்ததைத்தானே சொன்னேன்," என்று காகம் முனகியது.

சிங்கம் எழுந்து நின்றது. "கூரா, மூட்டையைப் பிரித்து வை. அடுத்த பருவத்துக்கும் நீதான் ஆசான்."

குழு முழுவதும் கூரனைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தது. மகிழ்ச்சி தாங்காமல் கூரனின் முட்கள் சடசடவென்று எழுந்தன. ஓடிவந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். கூரன் அவசர அவசரமாக முட்களைப் படுக்க வைத்தது. ஆனால் காட்டெருமை அதற்குள் கட்டிக்கொண்டுவிட்டது. அதன் கழுத்தில் இரண்டு முள் ஏறியிருந்தன. அவற்றைப் பிடுங்க வேண்டும் என்றுகூட அதற்குத் தோன்றவில்லை.

நீதி: நெருங்க முடியாதவரிடம் உண்மையும் நெருங்காது.