கூடை மூடிய கால்தடம்

கோழிகள் தும்மத் தொடங்கியதிலிருந்து வீரமலைக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு குடில். குடிலுக்குள் ஒரு காவல் தெய்வம். அதற்கு வேண்டிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு கோழி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். விட்ட கோழியை அறுக்கக் கூடாது, கட்டக் கூடாது, அடைக்கவும் கூடாது. அது சாமி கோழி. குடிலுக்குப் பின்னால் மேய்ந்து, கொட்டகையில் ஒண்டி, தன் ஆயுசு மட்டும் வாழும்.

குடிலைப் பார்த்துக்கொண்ட துறவிக்குத் தலையில் ஒரு நரை இல்லை. ஆனாலும் ஊரே அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டது. அவருடைய சீடர் வீரமலைக்கோ மீசை வரைக்கும் வெள்ளை. மில் வாசலில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் போகிறவர்களின் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தே காலம் போனவர். இங்கே வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கும்பிட வருகிறவர்களின் பையைத் தொட்டுப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்.

“மில்லுல உங்களை யாருங்க சோதிப்பாங்க?” என்று அம்மா ஒரு தடவை கேட்டார்.

“என்னை எதுக்குங்கம்மா சோதிக்கோணும்? நான்தானே வாட்ச்மேனு!”

அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சந்தை நாளில் யாரோ ஒருவர் சேவல் கொண்டுவந்தார். அதற்கு மூக்கு ஒழுகியது.

“சந்தையிலதான் வாங்கினேன். சளி புடிச்சிருக்கும் போலங்க” என்றார் அவர்.

“சாமி கோழியைச் சாமி பாத்துக்கும். நீங்க பையைக் காட்டுங்க.”

பையில் பீடி இல்லை, பாட்டில் இல்லை. சேவலும் உள்ளே போனது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு பெட்டைக்குக் கண் வீங்கி ஓரத்தில் நுரை கட்டியது. இன்னொன்று கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. விடியற்காலை கொட்டகைப் பக்கம் போனால், பால்குடிப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டினால் வருமே, அந்தக் கர் கர் சத்தம்.

அம்மா ஒரு கோழியை மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் மருந்துப் பொடி கொடுத்தார். தண்ணீரில் கலந்து வைக்கவும், சீக்குக் கோழியைப் பிரித்து வைக்கவும், ஈரத் தரையைச் சுரண்டி எடுக்கவும் சொன்னார்.

அம்மா தெற்கு மூலையில் வலை கட்டி, தும்முகிற கோழிகளை அதற்குள் விட்டார்.

“அடைக்கக் கூடாதுங்களே” என்றார் வீரமலை.

“சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

வலைக்குள் இருந்தவை கொஞ்சம் தெளிந்தன. ஆனால் கொட்டகையில் நன்றாக இருந்த கோழிகள் ஒவ்வொன்றாகத் தும்மின. பிரித்து வைத்த பிறகும் அது எப்படிப் போகிறது? ஒரு வெள்ளைப் பெட்டை விடிந்தபோது செத்துக் கிடந்தது.

வீரமலை அதைப் புதைத்துவிட்டு வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். கெடுதல் எந்த வழியா உள்ள வருதுங்க?”

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

அவர் வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் குருவம்மாளின் குடிசை. புருசன் செத்த பிறகு ஏதோ ஒரு ஊரிலிருந்து கைப்பிள்ளையோடு வந்தவள். இடம் குடிலுடையது. ஊர்க்காரர்கள் பாவம் பார்த்து இருக்கச் சொன்னார்கள். குடிசைக்குப் பின்னால் பட்டி போட்டுக் கோழி வளர்த்து, முட்டை விற்று வயிற்றைக் கழுவினாள்.

“நம்ம கோழி அத்தனையும் இழுத்துக்கிட்டுக் கிடக்குது. அவ கோழி மட்டும் குண்டு குண்டா மேயுது. எப்படிங்க?”

“எப்படி?”

“நம்ம தீனியில எதையோ கலந்து வைக்கறா. நான் தினமும் வேலிச் சந்துல பூந்து போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். இன்னும் கையில சிக்கலை.”

“தினமுமா?”

“காலையில ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஊரே வரும். அன்னைக்குச் சபையில சொல்லிப்புடுவேன். குடிசையைப் பிரிச்சுக்கிட்டுக் கிளம்பட்டும்.”

“பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்க போகும்?”

“வந்த இடத்துக்கே போகட்டுங்க.”



வெள்ளிக்கிழமைக்கு முன்பே குருவம்மாள் வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை. கையில் தலைகீழாகத் தொங்கிய ஒரு செத்த கோழி.

“அம்மா, இதுக்கு ஒரு ஞாயம் சொல்லுங்க! நல்லா இருந்த கோழிங்க. இப்ப எல்லாம் தும்முது. யாரோ நான் முட்டை விக்கப் போற நேரம் பாத்து என் பட்டிக்குள்ள வந்து போறாங்க.”

வீரமலை எழுந்தே விட்டார். “பாத்தீங்களாம்மா! முந்திக்கிட்டா! தன் கோழியைத் தானே கொன்னுட்டு நாடகம் ஆடறா!”

“ஏனுங்க பெரியவரே, இந்தக் கோழி முட்டை போட்டாத்தான் இந்தப் பிள்ளைக்குப் பாலு. இதை நானே கொல்லுவனா?”

“யாரு கண்டா?”

“சாமி கண்டிருக்கும். நானும் கண்டேன். ஈர மண்ணுல காலடி இருக்குது. அழிஞ்சிடக் கூடாதுன்னு கூடையைக் கவுத்து வச்சிருக்கறேன். வந்து பாருங்க!”

அம்மா அவளோடு போனார். கூடையைத் தூக்கிப் பார்த்தார். பழையபடி கவிழ்த்து வைத்தார். திரும்பி வந்தார்.

“நீங்களும் ஒரு எட்டுப் போய்ப் பாக்கலாமே” என்றார்.

“அவளே பதிச்சு வச்சிருப்பா. அதை நான் எதுக்குங்க பாக்கறது?”

“சரி. யாரு வந்து போறாங்கன்னு நாமளே பாத்துடலாம். சுண்ணாம்புத் தூள் இருக்குதில்ல?”

வீரமலையின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அம்மா சொன்னதிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த பேச்சு அதுதான்.

இருவருமாகத் தூவினார்கள். சீக்குக் கோழியின் வலையைச் சுற்றி. வேலிச் சந்தில். நல்ல கோழிகளின் கொட்டகை வாசலில். நடுவில் இருந்த வெறும் தரையிலும். கோலம் போட மாவை இறைத்தது போல அந்த இடமே வெளுத்துக் கிடந்தது.

பொறி வைத்தால் காவல் காக்க வேண்டாமா? பொழுது சாய, வழக்கம்போல அவர் சீக்குக் கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றினார். பாவம், மூச்சுக்கு ஏங்குகிறவற்றைத்தானே முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் வேலிச் சந்தில் நுழைந்து அந்தப் பக்கம் ஒரு சுற்று. திரும்பி வந்து நல்ல கோழிகளுக்குத் தீனி. விடிந்ததும் இன்னொரு முறை அதே போல.

வெயில் ஏறிய பிறகு அம்மா வந்தார்.

“யாரும் வரலைங்கம்மா” என்றார் வீரமலை. குரலில் ஏமாற்றம். “விசயம் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. சூதானமா இருந்துட்டா.”

“தரையில காலடி கிடக்குதே?”

“அது என் காலுதானுங்க. அதை விடுங்க.”

“எதுக்கு விடோணும்?”

“என் காலுங்கம்மா!”

“மில்லு வாசல்ல நிக்கறதா நினைச்சுக்கங்க. யாரோ ஒருத்தன் காலு. எங்க போயிருக்கான், எங்க வந்திருக்கான்னு எனக்குப் படிச்சுச் சொல்லுங்க.”

வீரமலை சலிப்போடு குனிந்தார்.

“ஆம்பளைக் காலு. டயர் செருப்பு. இடது குதிகால்ல ஒட்டுப் போட்டிருக்குது.”

“ம்.”

“வலைக்குள்ள போயிருக்கான். சீக்குக் கோழிகிட்ட நின்னு மிதிச்சிருக்கான். இங்க எச்சத்தையும் சேத்து மிதிச்சிருக்கான்.”

“அப்புறம்?”

“நேரா வேலிச் சந்து. அந்தப் பக்கம் போயிருக்கான்.”

“எங்க?”

“அவ கோழிப் பட்டிக்கு...”

அதைச் சொன்ன பிறகு அவர் பேச்சு மெதுவானது. ஒவ்வொரு தடமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

“திரும்பி வந்திருக்கான். எங்கயும் நிக்கலை. காலைக் கழுவலை. நேரா நல்ல கோழிகிட்ட...”

கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே ஒரு கோழி தும்மியது. வீரமலை தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துத் திருப்பினார். அடியில் சுண்ணாம்பும் எச்சமும் அப்பிக் காய்ந்திருந்தன.

வெகுநேரம் அதையே பார்த்தார். தூக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்த பார்வை.

“வேற யாரு காலும் இருக்குதுங்களா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லைங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் குருவம்மாளின் பிள்ளை அழுதது. அவள் ஏதோ சொல்லித் தேற்றினாள். கவிழ்த்த கூடை அங்கேயே இருந்தது.

“அந்தக் கூடையை இப்பப் போய்ப் பாக்கறீங்களா?”

வீரமலை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பார்க்க வேண்டியதில்லை.

“நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க” என்றார், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. செருப்பைக் கீழே வைத்துவிட்டு, “நான் இப்ப என்ன செய்யோணுங்கம்மா?”

அம்மா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்.

“முதல்ல காலைக் கழுவுங்க. நல்ல கோழிக்குத் தீனி வைங்க. சீக்குக் கோழியைக் கடைசியாப் பாருங்க. மறுபடியும் காலைக் கழுவுங்க. அப்புறம் மருந்துப் பொடியில பாதியை எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போங்க.”

வீரமலை பழக்கத்தில் வேலிச் சந்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த வழியா இல்லைங்க” என்றார் அம்மா. “வாசல் வழியா.”