கட்டிலுக்கு ஆசைப்பட்ட காரி

காரியும் மயிலையும் ஆற்றங்கரை வயலில் ஒரே நுகத்தில் உழுகிற காளைகள். காரி கறுப்பு, மயிலை சாம்பல் நிறம். அன்றும் பொழுது சாய உழுதுவிட்டு வந்து, வைக்கோலைக் கடிக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக் கிடந்தன.

கோட்டையிலிருந்து ஒரு காக்கை வந்தது. அரசன் போருக்குப் போகிறானாம். அதற்கு முன்னால், நாளைக்கு இந்த இரண்டு பேரையும் முட்டவிடப் போகிறார்களாம். மற்றதைக் குத்திக் கொல்கிற காளைக்கு அரண்மனையில் கட்டிலாம், தினமும் நீராட்டாம், பூவாம், முன்னால் படைத்த சோறாம்.

"போன வருஷம் உங்க தொழுவத்திலேர்ந்து செவலை போனதே, அது இப்ப அந்தக் கட்டில்லதான் இருக்கு," என்றது காக்கை.

அது பொய்யில்லை. ஆனால் முழுசும் சொல்லவில்லை. படைத்த சோற்றைத் தின்பது யார் என்றும் சொல்லவில்லை.

காரியின் கழுத்தில் நுகம் அறுத்த புண் ஆறவேயில்லை. "ஏர் இல்லாம படுத்துக் கிடந்தா போதும் எனக்கு," என்றது.

"அதுக்கு என்னைக் கொல்லணுமா?" என்றது மயிலை.

காரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் திடலில் காரி தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது. மயிலை எதிர்த்து முட்டவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி, ஓரத்தில் அரசனின் போர்முரசை வைத்திருந்த கட்டிலில் இடித்துக்கொண்டு நின்றது. முரசின் மாலை சரிந்து விழுந்தது.

மயிர் சீவாத தோலைப் போர்த்திய முரசு அது. சிவப்பு மயிர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழி. ஒரே தொழுவத்தில் கிடந்தபோது காரி எத்தனையோ தரம் நக்கிக் கொடுத்த சுழி.

காரி முகர்ந்து பார்த்தது. "செவலை," என்றது.

"ஆமாம்டா. ஜெயிச்சதனாலதான் தோலை உரிச்சு இங்க போர்த்தியிருக்காங்க," என்றது மயிலை. அதற்கு மூச்சு வாங்கியது.

காரி அங்கேயே முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. மயிலையும் பக்கத்தில் படுத்தது. தார்க்கோலால் குத்தினார்கள். வாலைத் திருகினார்கள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கடைசியில், வேறு ஊரில் வீரமுள்ள காளைகளாகப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டையும் அடித்து விரட்டினார்கள்.

"சோம்பேறிகளா!" என்று, முரசுக்குப் படைத்த சோற்றைக் கொத்திக்கொண்டே காக்கை கரைந்தது.

மதியமே மறுபடி ஏர். புண்ணின் மேல் நுகம் ஏறியதும் காரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "உன்மேலயே பாய வந்தேனே," என்றது.

"பேசாம நட. பாரத்தைக் கொஞ்சம் நான் தாங்கிக்கிறேன்," என்றது மயிலை.

களைத்துக் கிடக்கிறபோது யாராவது பெருமை காட்டி அழைத்தால், அதில் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும். அதை நம்பி, நம்மோடு சேர்ந்து ஏர் இழுக்கிறவனைக் குத்தப் போகக் கூடாது.