உலகம்மாள் போட்ட டீசல்

புளியங்குடிக்கு மேற்கே, எலுமிச்சைத் தோப்புகள் முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மடம் இருக்கிறது. அதன் தலைவி ஆவுடையம்மை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் கேள்வி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் எல்லோரும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் கோமதிநாயகம். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தியவர். மனைவி உலகம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"அம்மா, இந்த ஏக்கம் எப்ப தீரும்?"

அம்மை பதில் சொன்னதில்லை. எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். மனுஷன் சாறு குடிக்கத்தான் வருகிறாரோ என்று மடத்தில் ஒரு கேலிகூட உண்டு.

இந்த முறை புதன்கிழமையே வந்து நின்றார்.

"என்ன அய்யா, இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?"

"தூத்துக்குடியிலருந்து மக போன் பண்ணினாம்மா. மருமகனுக்கு மஸ்கட்ல வேலையாம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கெளம்புதாங்களாம். பேரனைப் பாக்கணும்னா அதுக்குள்ள வந்துருங்கங்கா."

"போக வேண்டியதுதானே?"

"கார் ஓடலையே."

"தூத்துக்குடிக்கு பஸ்ஸே கெடையாதா?"

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் இல்லாமலா? விஷயம் வேறு. மூன்று வருடத்துக்கு முன்னால், மாசமாக இருந்த மகள் சண்முகவடிவைப் பார்க்க உலகம்மாள் ஆசைப்பட்டாள். "ஊர்க்காரங்களை எல்லாம் கொண்டுபோய் எறக்கிவிட்டாச்சு. நம்ம பிள்ள வாசல்ல ஒரு நாளாவது நம்ம கார் போய் நிக்கட்டும்" என்றாள். கிளம்புவதற்கு முதல் நாளே அவரோடு பெட்ரோல் பங்குக்குப் போய், சுருக்குப்பையை அவிழ்த்து, டேங்க் நிறைய டீசல் போட்டாள். மூடியைக்கூடத் தானே திருகினாள். அன்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கார் அந்த டீசலோடு கொட்டகையில் நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சண்முகவடிவு, "அதைப் பாத்துப் பாத்து அழுதுகிட்டு இருக்கதுக்கு வித்துருங்கப்பா" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்படின்னா நீ இந்த வாசலை மிதிக்காத" என்றுவிட்டார். மறுநாளே வருந்தினார். ஆனால் தாயைப் போல பிள்ளை என்பார்களே, அந்தப் பெண் அப்பனைப் போல. மிதிக்கவில்லை. போன் மட்டும் செய்வாள். ஒவ்வொரு தடவையும் இவர் "கார் சரியானதும் வந்துருதேன்" என்பார். பேரன் பிறந்து, தவழ்ந்து, நடந்து, ஓடவும் ஆரம்பித்துவிட்டான். கார் மட்டும் சரியாகவில்லை.

"காருக்கு என்ன கோளாறு?" என்று கேட்டார் அம்மை.

"நின்ன எடத்துலயே நின்னு டீசல் கெட்டுப்போச்சு. டேங்கை எறக்கிக் கழுவணும்."

"அதுக்கு ஆளு கெடைக்கலையா?"

"ஆளு எதுக்கு? இந்த ஊர்ல எந்த டீசல் கார் இருமினாலும் எங்கிட்டதான் வரும்."

"பெறகு?"

"அது அவ போட்ட டீசல்மா."



"எனக்கு டேங்க் கழுவத் தெரியாது. நாளைக்குக் காலைல வாரேன். சொல்லிக்குடுங்க."

"நான் உங்களுக்கா?"

"மூணு வருஷமா சாறு குடிச்சிருக்கீங்க. ஒரு பாடம் சொல்லித்தரக் கூடாதா?"

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் அம்மை வந்துவிட்டார். கோமதிநாயகம் பேட்டரி வயரைக் கழற்றினார். காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். டேங்குக்கு அடியில் ஒரு பழைய அலுமினியச் சட்டியைத் தள்ளினார்.

"இந்த போல்ட்டைக் கழத்தினா உள்ள இருக்கது பூரா எறங்கிரும்."

சொன்னாரே தவிர, ஸ்பேனரை மாட்டிய கை திருகவில்லை.

"என்ன?"

"இறுகிக் கெடக்கு."

"போல்ட்டா?"

அவர் ஸ்பேனரை அம்மையிடம் நீட்டினார்.

"நான் படிக்க வந்தவ. வாத்தியார்தான் செஞ்சு காட்டணும்."

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு திருகு திருகினார். அது ஒன்றும் அப்படி இறுகியிருக்கவில்லை. சட்டியில் முதலில் விழுந்தது டீசல் இல்லை, தண்ணீர்.

"தண்ணி வருதே? அவ டீசல்தானே போட்டா?"

"மூடியில உள்ள ரப்பர் வெடிச்சிருக்கு. கொட்டகை ஓட்டையில ஒழுகின மழத்தண்ணி எறங்கியிருக்கும்."

"டீசலோட கலக்காதா?"

"கலக்காது. தண்ணி கனம். அடியில போய் உக்காந்துரும். குழாயும் அடியிலருந்துதான் உறிஞ்சும். மேல என்னதான் நல்ல டீசல் நின்னாலும் இஞ்சினுக்கு மொதல்ல போறது அடியில கெடக்கதுதான்."

அம்மை நல்ல மாணவி போலத் தலையாட்டிக்கொண்டார்.

தண்ணீருக்குப் பின்னால் கறுப்பாகப் பாசி வந்தது, நெஞ்சுச் சளி மாதிரி. அதற்கும் பின்னால் டீசல் வந்தது. கஷாய நிறம். கோமதிநாயகம் விரலை நனைத்து முகர்ந்தார்.

"எப்படி இருக்கு?"

"வார்னிஷ் நாத்தம்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு நல்ல டீசல். மூடியைத் திருகும்போது அவ கையில பட்டுட்டு. சேலைத் தலைப்புல தொடச்சா. 'ஒமக்கு வாக்கப்பட்டதுக்கு இந்த வாசனைதான் மிச்சம்'னு வஞ்சா. வீடு வந்து சேருத வரைக்கும் வஞ்சா."

சொல்லிவிட்டு அழுதார். அந்த வசவை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு. வேறு ஒன்றும் வேண்டாம், அது ஒன்று போதும். அம்மை தேற்றவில்லை. சட்டி நிரம்பியதும் வேறு சட்டியைத் தள்ளி வைத்தார்.

கடைசியில் வந்தது கொஞ்சம் தெளிவாக இருந்தது. அதை மட்டும் ஒரு கேனில் பிடித்துத் தனியாக வைத்தார் கோமதிநாயகம்.

"இது எதுக்கு?"

"கதவு நிலைக்கு அடிக்கலாம். கரையான் வராது."

டேங்கை இறக்கி வெளியே கொண்டுவந்தார்கள். கோமதிநாயகம் அதற்குள் ஒரு கை கூழாங்கல்லைப் போட்டார். அம்மை கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஐயையோ, தண்ணி ஆகாதும்மா. ஒரு சொட்டு நின்னாலும் துருப்பிடிக்கும். டீசல் டேங்கை டீசலாலதான் கழுவணும்."

புது டீசலைக் கொஞ்சம் ஊற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். கல் உள்ளே கடகடவென்று உருண்டது. கொட்டினால் செம்மண்ணாக வந்தது. மறுபடி ஊற்றிக் குலுக்கினார்கள். அம்மைக்கு மூச்சு வாங்கியது. துருப்பொடி நின்று, ஊற்றிய டீசல் ஊற்றிய மாதிரியே வெளியே வரும்வரை கோமதிநாயகம் விடவில்லை. வேலை என்று இறங்கிவிட்டால் மனுஷன் வேறு ஆள். பிறகு டேங்கை வெயிலில் காயவைத்து, மாட்டி, மூடிக்குப் புது ரப்பர் வைத்து, புது பில்டர் போட்டார். பங்கிலிருந்து வாங்கிவந்த டீசலை ஊற்றினார்.

அம்மை கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

கோமதிநாயகம் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தனியாக வைத்திருந்த கேனை எடுத்தார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த உலகம்மாளின் சேலைத் தலைப்பை டேங்க் வாயில் விரித்து, கேனைக் கவிழ்த்தார். துணியில் கசடு எதுவும் தங்காமலே வடிந்தது. அடுத்தவன் காராக இருந்தால் இப்படிச் செய்தவனைச் செருப்பால் அடித்திருப்பார்.

அம்மை வந்ததும், பம்பை அமுக்கி, டீசல் குழாயில் நிற்கும் காற்றை எப்படி வெளியே எடுப்பது என்று காட்டினார். நுரை நின்றதும் இரவல் பேட்டரி ஒன்றை மாட்டி, சாவியைப் போட்டார். கார் இரண்டு தடவை முனகியது. மூன்றாவது தடவை வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு உயிர் பிடித்தது.

"நீங்களும் வாங்கம்மா. எம் மக உங்களப் பாத்ததில்ல."

"வாரேன். பாடம் இன்னும் முடியலையே."

அம்மை முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டார்.

சங்கரன்கோவில் தாண்டும்வரை கோமதிநாயகம் பேசிக்கொண்டே வந்தார். எந்த வளைவில் உலகம்மாள் வாந்தி எடுப்பாள், எந்தக் கடை வடையை அவள் வாயில் வைக்க மாட்டாள், எல்லாம் சொன்னார். காலியான முன் சீட்டைப் பார்த்துத்தான் சொன்னார். கழுகுமலைக்கு இந்தப் பக்கம், இரண்டு புறமும் கரிசல் காடு. அங்கே கார் இருமியது. ஒரு முறை குதித்தது. நின்றுவிட்டது.

அவர் இறங்கி பானெட்டைத் தூக்கி, பில்டரைக் கழற்றினார். காலையில் போட்ட புது பில்டர் கறுப்புப் பாசி அப்பிக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அம்மையும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"கேன்ல இருந்ததா?"

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்."

"ஏன் தடுக்கல?"

"நீங்கதானே வாத்தியார். மாணாக்கி குறுக்க பேசலாமா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவ போட்டதுல ஒரு சொட்டாவது அந்த வாசல் வரைக்கும் வரட்டும்னு நெனச்சேன்."

"இனி என்ன செய்யணும்?"

"டேங்கைத் திரும்பவும் எறக்கணும். வேற பில்டர் வேணும். கோவில்பட்டியிலதான் கெடைக்கும்."

போன் அடித்தது. சண்முகவடிவு. வண்டிச் சத்தம் இல்லாத அந்த ரோட்டில் அவள் குரல் அம்மைக்கும் கேட்டது.

"எங்கப்பா வாரீங்க? காலைல நீங்க வாரேன்னு சொன்னதுலருந்து இவன் வாசல்ல நிக்கான். தெருவுல எந்தக் கார் போனாலும் தாத்தாங்கான்."

"வந்துகிட்டே இருக்கேன் தாயி. வழியில கொஞ்சம் நின்னுபோச்சு. கார் சரியானதும்..."

அதற்கு மேல் அவருக்கே வாய் வரவில்லை. 

"சரிப்பா" என்றாள் மகள். மூன்று வருடமாக அவள் சொல்லிவரும் அதே 'சரிப்பா'. போனை வைத்துவிட்டாள்.

தூரத்தில் கோவில்பட்டி பஸ் வந்துகொண்டிருந்தது. அம்மை ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார். பஸ் நின்றது.

"ஏறுங்க."

"கார்?"

"நான் உக்காந்திருக்கேன். கோவில்பட்டில எறங்கி ஒரு மெக்கானிக்கை அனுப்பிட்டு, தூத்துக்குடி பஸ் பிடிங்க."

"நம்ம கார் அவ வாசல்ல நிக்கணும்னுதானேம்மா உலகம்மா ஆசப்பட்டா."

"கார் மட்டும் போய் நின்னாப் போதும்னா ஆசப்பட்டா?"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோமதிநாயகம் பாசி அப்பிய கையை வேட்டியில் துடைத்தார். படியில் ஒரு கால் வைத்தார். மறு கால் ரோட்டிலேயே நின்றது.

"அம்மா, அவன் மொகத்தைப் பாத்ததும் நான் ஓன்னு அழுதுருவேன். பச்சப்பிள்ள பயந்துரும். இவ்வளவு கழுவியும் எனக்குத் தீரலையே. எப்பதான் தீரும்?"

மூன்று வருடத்தில் முதல் முறையாக ஆவுடையம்மை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"அவன் ஆச்சியைக் கண்ணால பாத்ததில்ல. இந்த ஏக்கமும் தீர்ந்துபோச்சுன்னா, அவனுக்கு அவளை எதை வச்சுக் காட்டுவீங்க?"